வலப் பக்கம்

பதிமூன்றில் இரண்டு கூமுட்டை.
பதினொன்று ஈரம் காயாமல் ஓலைப்பெட்டிக்குள்
நிற்கத் தெரியாமல் நிற்கின்றன.
ஐந்து நம் சிறுவிடை இட்டவை.
நாலு, முத்துப்பேட்டை பிலோமினாள் தந்த அசில்.
மிச்ச நாலும் ஜும்மா முடிந்து வரும்போது
உங்கள் மாமா ஜிப்பாப் பையில் கொண்டுவந்தவை.
எதன் முட்டை என்றேன்.
கோழி முட்டை என்றார்.

பெரியபட்டினத்தில் இந்தத் தெரு முழுக்க
எது என்ன என்று தெரிந்திருக்கிறது, என்னைத் தவிர.
முதுகில் அணில்கோடு போட்டது சிறுவிடையாம்.
கால் தடித்ததெல்லாம் அசிலாம்.
கழுத்தில் பூமயிர்கூட இல்லாமல் ஒன்று,
கிராப்புக் கோழி,
அது மாமாவின் பையில் வந்ததாகத்தான் இருக்கும்.

மைமூன் லாத்தா பிடரியைப் பிடித்துத் தூக்கினாள்.
உதைத்தால் சேவல்,
காலைத் தொங்கப் போட்டால் பெட்டை.
பதினொன்றும் உதைத்தன.
அவள் மகன் மோதிரத்தில் நூல் கட்டி மேலே பிடித்தான்.
வட்டமடித்தால் பெட்டை, நேராய் ஆடினால் சேவல்.
கச்சான் காற்றில்
மோதிரம் என்னதான் சொல்லும், பாவம்.

உங்களை அல்லவா கேட்டிருக்க வேண்டும்.
புரைதாவில் பொரிப்பகத்தில்
நீங்கள் பார்க்கிற வேலையே அதுதானே மச்சான்.
மணிக்கு இரண்டாயிரம் குஞ்சு.
றெக்கையை விசிறியாய் விரிக்க வேண்டும்,
ஏற்ற இறக்கமாய் இருந்தால் பெட்டை, இடப் பக்கம்,
ஒரே மட்டமாய் இருந்தால் சேவல், வலப் பக்கம்.
கல்யாணமான புதிதில்
என் விரல்களை விரித்து வைத்துத்தான் சொல்லிக் காட்டினீர்கள்.

போனை எண்ணெய் டின்னில் சாய்த்துவைத்து
ஒவ்வொன்றாய் றெக்கை விரித்துக் காட்டினேன்.
நீங்கள் அசையவில்லை.
நெட்டு நின்றுவிட்டது என்று நினைத்தேன்.
பின்னால் ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

"இந்தக் கணக்கு நாட்டுக்கோழிக்குச் செல்லாது புள்ள.
அதுக்குன்னு சோடி சேத்த இனத்துக்குத்தான்."

சரி.
அப்ப வலப் பக்கம் போடுறதெல்லாம் எங்க போகும்?

உம்மாவுக்குச் சுகர் மாத்திரை வாங்கியாச்சா
என்று கேட்டீர்கள்.

ஒன்றைக் காகம் தூக்கியது.
இரண்டு கீரிக்கு.
ஒன்று, பாசி காயப்போட்ட வலையில் கழுத்து மாட்டி,
நான் தண்ணீர்க் குடத்தோடு வந்து பார்க்கும்போது
இன்னும் சூடாக இருந்தது.
மிச்சம் ஏழு.

பத்தாவது வாரம் பிலோமினாள் வந்தாள்.
தடித்த கால்களைத் தடவிப் பார்த்து
"இது அசிலே இல்ல,
எந்தத் தெருப் பயலோ எங்க வேலி ஏறியிருக்கான்"
என்று தன் கோழியைத் திட்டிக்கொண்டே பஸ் ஏறினாள்.
மூன்றுக்குக் கொண்டை சிவந்தது.
கிராப்புக்கு மட்டும் சிவக்கவில்லை,
அது பெட்டைதான் என்று தெருவே முடிவுகட்டியது.
நானும்தான். முட்டையிட
சாம்பல் கொட்டி ஒரு கூடைகூட ஒதுக்கிவைத்தேன்.

சுபுஹு பாங்குக்குச் சற்று முன்னால்
அந்தக் கூடைக்குள்ளிருந்து
ஒரு சத்தம்.
துருப்பிடித்த கிணற்று உருளையைத் திடீரென இழுத்ததுபோல.
பாதியில் உடைந்தது, இருமியது, திரும்ப ஏறியது.
கிராப்பு.

பதினொரு நொடி பதிவு செய்து அனுப்பினேன்.
இரண்டு நீல டிக்.
பகல் முழுக்க ஒன்றுமில்லை.
இரவு எழுதியிருந்தீர்கள்:
அறையில் நேபாளத்துப் பையன்
தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்து
எங்கே எங்கே என்று தேடினானாம்.
அதற்குக் கீழே, தனியாக,
"அத அறுக்காத."

இன்று சாயல்குடிப் பக்கத்து வியாபாரி
மொபெட்டில் பின்கூடையோடு வந்து நின்றான்.
பெருநாள் வருகிறது, எண்ணூறு தருவானாம்.
கழுத்து மொட்டையை நீட்டிக் காட்டி
சேவலா, பெட்டையா என்றான்.

பெட்டை, முட்டைக்கு வச்சிருக்கேன் என்றேன்.

சொல்லி முடிக்கவில்லை,
அவன் பின்கூடை மேலேயே ஏறி நின்று
கூவித் தொலைத்தது.